ராசாவுக்கு ஒரு ஜோடி

...அதான் சொல்றேன் முத்துச்செல்வி, கரண்டு போனா ஒன் ரூம்ல ஃபேன் ஓடலன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தா நான் இன்னா பண்றது? இன்வெர்ட்டர் லைன மீனுக்கு குடுத்துட்டேன். ஆமா, மீனுக்குதான். சிரிக்காத. குந்து ஒரு நிமிசம், சொல்றேன்.

நீ மனுசி. வேர்த்தா மொட்ட மாடிக்குப் போயி காத்து வாங்குவ. அதுங்க எங்க போவும்? தண்ணி சுத்திக்கினே இருக்கணும், மோட்டரு நின்னா மூச்சு முட்டி செத்துப்பூடும். அதுவும் சாதா தண்ணி இல்ல, உப்புத் தண்ணி. நான் செம்பரம்பாக்கம் ஏரியாண்ட பொறந்து வளந்தவ, கெளுத்தி கெண்டயெல்லாம் கொழம்புலதான் பாத்துகீறேன். இப்ப கடல் மீனுக்கு உப்பு கலக்கிக்கினு கீறேன். கல்லுப்பு இல்ல, அதுக்குன்னு தனி உப்பு. எங்க வூட்டுக்காரரு ஒரு வாட்டி அத ரசத்துல போடப் பாத்தாரு.

எல்லாம் ஆரம்பிச்சு வச்சது இசக்கிதுரை. ஒனுக்கு முன்னாடி ஒன் ரூம்ல இருந்தவன். ஒங்க பக்கந்தான், வள்ளியூரு. காரு பார்ட்ஸு கம்பெனில வேல. ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா கண்ணாடித் தொட்டி முன்னாடி குந்திக்கினு பேசிக்கினே இருப்பான். தொட்டில ஒரே ஒரு கோமாளி மீனு. ஆரஞ்சு கலரு, வெள்ளப் பட்ட. பேரு ராசா. நான் துணி காயப்போடப் போறப்ப காதுல வுழும்... "இன்னிக்கு லைன் நின்னு போச்சுடே ராசா, சூப்ரவைசர் ஏசிட்டாரு." மீனுகிட்ட சொல்றான். எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "ஒண்டியா கீறியே, ஒரு கல்யாணம் கட்டேன்டா"ன்னா, "இருக்கட்டும் அத்தே"ம்பான். "சரி, மீனுக்காச்சும் ஜோடி சேருடா"ன்னா, "இது ஒத்தையிலயே நல்லாத்தான் இருக்கும் அத்தே, கடையில சொல்லிட்டாவ"ம்பான்.

அப்புறம் கம்பெனில அவன ஓசூருக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து எடுத்துக்கிறேன்னு தொட்டிய எங்க ஹால்ல வச்சிட்டுப் பூட்டான். அந்த மீனு என்னியே பாக்குது. நான் வூடு கூட்டுனா பாக்குது, காய் நறுக்குனா பாக்குது. ஐயோ பாவம், தொணைக்கு ஏங்குதுன்னு எனுக்கு ஆயிப்போச்சு. எங்க வூட்டுக்காரர நீ பாத்துகீற இல்ல, வாயே தொறக்க மாட்டாரு. வீஆர்எஸ் வாங்கினதுலேந்து அந்த பிளாஸ்டிக் சேருதான். அவருகூட "ஒண்ணே போதும் ரத்னா, சும்மா வுடு"ன்னாரு. படப்பைல மீன் தொட்டிக் கட வச்சிருக்கற சாம்சனும், "ஒண்ணு இருந்தா தொல்லையே இல்லக்கா, நல்லா துன்னும், நல்லா இருக்கும்"னான். நான் கேட்டனா?

சாம்சன் கடைல இல்லாத நேரமாப் பாத்து போனேன். ராசா எவ்ளோ ஒசரமோ அதே ஒசரம், அதே கலரு, ஜோடிப் பொருத்தம் பாத்து ஒண்ண வாங்கியாந்து வுட்டேன். வுட்டனா, கல்யாண வூடு சண்ட வூடாயிடுச்சு. ராசா தொரத்துது, அது ஓடுது, ரெக்க கிழிஞ்சி மோட்டரு பின்னாடி போயி ஒண்டிக்கிச்சு. நான் கரண்டிய வுட்டு வெலக்கிக்கினே "டேய், அத வுடுறா"ன்னு கத்துறேன். எங்க வூட்ல அடிதடின்னு நெனச்சி பக்கத்து வூட்டு ஷெர்லின் ஓடியாந்துட்டா.

புதுச ஒரு டப்பால புடிச்சிக்கினு கடைக்கே திருப்பிக் குடுக்க ஓடுனேன். சாம்சன் தலைல அடிச்சிக்கினான். "ஒரே சைஸுல ரெண்டு போட்டா, யாரு பெரியாளுன்னு அடிச்சிக்கும்கா. ஜோடி வேணும்னா ஒண்ணு பெருசு, ஒண்ணு பொடிசு." சொல்லிட்டு நிறுத்தறான், நிறுத்திட்டு சொல்றான்... "ஒங்க ராசா இந்நேரம் பொம்பளயா மாறியிருக்கும்கா." இன்னாடா ஒளர்றன்னேன். இந்த மீனு எல்லாமே ஆம்பளயாத்தான் பொறக்குமாம், எது வளந்து பெரியாளா நிக்குதோ அது பொம்பளயா மாறிடுமாம். வூட்டுக்கு வந்து இவருகிட்ட சொல்றேன், "வூட்ட ஆளறது யாருன்னு மீனுக்குக்கூட தெரிஞ்சிகீது"ங்கறாரு. அவரு அவ்ளோ நீளமா பேசி எத்தினியோ மாசம் ஆச்சு.

சரின்னு பொடிசா ஒண்ணு வாங்கியாந்தேன். ராசா கிட்ட வந்தா பொடிசு ஒடம்ப சாச்சி கிடுகிடுன்னு நடுங்குது. வலிப்புன்னு பயந்து போன் போட்டேன். "நான் அடங்கிப் போறேன், அடிக்காதன்னு சொல்லுதுக்கா"ன்னான் சாம்சன். அன்னிலேந்து ரெண்டும் ஒண்ணாவே சுத்துது, ஒரே மூலைல தூங்குது. இவரு அந்த பிளாஸ்டிக் சேர தொட்டியாண்ட இழுத்துப் போட்டுக்கினாரு. காலைல அதுங்களுக்கு பேப்பரு படிச்சிக் காட்டறாரு. என்னோட பேசாத மனுசன். எனுக்கு வயிறு எரியாதா?

அப்புறம் தொட்டிக்குள்ள இருக்கற மண்சட்டில ராசா முட்ட வச்சிச்சு. சட்டி ஓரமா ஆரஞ்சு கலருல அப்பி வச்சா மாதிரி. பொடிசுதான் காவலு, ரெக்கயால விசிறிக்கினே கீது. தொட்டி தொடைக்க நான் கைய வுட்டா அம்மாக்காரி நறுக்குன்னு கடிக்கறா. கல்யாணம் பண்ணி வச்சவளயே கடிக்கறா பாரு.

இந்த நேரத்துல இசக்கிதுரை வந்து நிக்கறான். ஓசூரு வேல முடிஞ்சி வல்லம் பக்கம் ஹாஸ்டல்ல எடம் கெடச்சிச்சாம். கைல மூடி போட்ட வாளி. "ராசாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன் அத்தே." எல்லாத்தையும் சொன்னேன். "பொம்பளயா? ராசான்னுல்லா கூப்ட்டுட்டு இருந்தேன்"ங்கறான். கிட்ட போயி கண்ணாடில வெரல வச்சான். முன்னெல்லாம் வெரல வச்சா ஓடியாந்து நிக்குமாம். இப்ப முட்டயாண்டயே நிக்குது, திரும்பல. "என்னிய மறந்துட்டு போலுக்கே"ன்னு சிரிச்சான். சிரிப்பா அது?

அவன் மீனு. நான்தான நடுவுல பூந்து... சரிடா, ரெண்டையுமே எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டு வாளிய வாங்கறேன். எங்க வூட்டுக்காரரு சேருலேந்து எழுந்தாரு. தொட்டி முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சிக்கினு நின்னாரு, ரோட்டுல பஸ்ஸ மறிக்கறா மாதிரி. "முட்ட பொரியற வரைக்கும் யாரும் கைய வுடக் கூடாது"ன்னாரு. "பொரிஞ்சப்புறம்?"னேன். "பொரிஞ்சப்புறமும்தான்." அப்புறம் அவனப் பாத்து மெதுவா சொல்றாரு, "தம்பி, இதுங்க இல்லன்னா எனுக்கு காலைல எழுந்திருக்கவே தோணாதுப்பா."

நான் பொசுக்குன்னு அழுதுட்டேன். இத்தினி வருசம் கூட இருக்கறேன், எங்கிட்ட அத சொல்லல பாரேன். இசக்கிதுரை வாளியக் கீழ வச்சிட்டான். "நீங்களே வச்சிக்கிடுங்க மாமா"ன்னான். சாப்ட்டுட்டுதான் போவணும்னு குந்த வச்சி வஞ்சிரம் வறுத்துப் போட்டேன். மூணு பேரும் தொட்டிக்கு முதுகக் காட்டிக்கினுதான் துன்னோம்.

சாயந்தரம் நானே அவன சாம்சன் கடைக்குக் கூட்டினு போனேன். அங்க மீனு வுடறதுக்குத் தோதா தண்ணி பழகின சின்னத் தொட்டி ஒண்ணு தயாரா இருந்துச்சு. அதுல ஒரே ஒரு கோமாளி மீன வுட்டு அவனுக்கு வாங்கிக் குடுத்தேன். "ஒண்ணே போதும்டா, நல்லா துன்னும், நல்லா இருக்கும்"னேன். சாம்சன் என்ன ஒரு மாதிரியா பாத்தான்.

இன்னிக்கு காலைல போன் பண்றான். "அத்தே, நான் ஷிஃப்டுக்குப் போயிட்டா இது ஒத்தையில கெடக்கு, பாவமா இருக்கு. இன்னொண்ணு வாங்கிரட்டுமா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவரு போனப் புடுங்கிட்டாரு. "வாங்குப்பா, பொடிசாப் பாத்து வாங்கு"ன்னு ஆரம்பிச்சவரு, தோ, உள்ள கேக்குதா, இன்னும் பேசிக்கினே கீறாரு. மீனு, தண்ணி, அவன் சாப்பாடு, அவங்க அம்மா ஒடம்பு, எல்லாம். வாயே தொறக்காத மனுசன். இப்ப எனுக்குத்தான் இந்த வூட்ல பேச ஆளில்ல. அதான் ஒன்னப் புடிச்சி குந்த வச்சேன்...

இன்னா எழுந்துட்ட? ஷிஃப்டா? சரி, போ. முத்துச்செல்வி, சாயந்தரம் வருவ இல்ல?