முக்கால் அங்குலச் சந்து

— கடுதாசிய இன்னும் ஒட்டாதீங்க அண்ணி. அண்ணன் பலகையில வர்ற மொத சீவல் சுருளையும் உள்ள வெச்சு கோலாருக்கு அவருக்கே அனுப்பலாம்.

— உன் மிஷின் சக்கரத்தச் சுத்தறதா, கடுதாசியப் புடிக்கறதா? எனக்கு ரெண்டு கைதான் மாதப்பா.

— இடுப்புல சொருவிக்கிட்டு சுத்துங்க.

— மொரப்பூர் ரயிலடியில பொறுக்குன இரும்பெல்லாம் ஒண்ணு சேந்து பல்லக் கடிக்குது. இது மெய்யாவே பலக எழைக்குமா?

— எழைக்கும். மேல உருளையில கத்தி, கீழ மேச. நடுவுல முக்கால் அங்குலச் சந்து. எங்க தடிப்போ அங்க மட்டும் சீவிடும். இனிமே அண்ணன் கை பெசகுனாலும் ஒருத்தன் சிரிக்க மாட்டான்.

— கடுதாசியிலயும் இப்படித்தான் எழுதியிருக்கியா?

— ஆமாங்க. 'உன் தப்ப மிஷின் பாத்துக்கும், வூட்டுக்கு வா'ன்னு. இண்டூர்ல கதவ மாட்டுனப்ப ஒரு பலக தடிப்பா ஏறி நின்னுது. யாரு எழைச்சதுன்னு கேட்டாங்க. அண்ணன்னு சொல்லிட்டேன். அத்தன பேரு முன்னால சொல்லியிருக்கக் கூடாது.

— அன்னிக்கு அளந்து பாத்தியா?

— அளக்கணுமா? என் கை எனக்குத் தெரியாதா?

— ம். அவரு போயி ஏழு வருசமாச்சு, இன்னும் அவருக்கும் சேத்துத்தான் களி கிண்டறேன். பலகைய மிஷின்ல வுடு.

— அன்னிக்கு அந்தக் கதவுலேந்து கழட்டுன பலகைங்கதான் இது. ஒரு கீத்துப் போட்டது அண்ணனுது. ரெண்டு கீத்து என்னுது. மொதல்ல அண்ணனுது. சுத்துங்க... வேகமா... என்ன அண்ணி, சுருளே வரல?

— நான் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அந்தப் பக்கம் வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சே! கத்தி படவே இல்ல. சந்து பெருசாயிடுச்சு போல.

— உன்னுத வுடு.

— திருகாணிய மொதல்ல...

— எதையும் தொடாத. உன்னுத வுடு தம்பி.

— சரி, சுத்துங்க. ஐயோ, கடகடங்குது! வருது, சுருள் வருது... இந்த முனையில மட்டும். எம்மாந் தடிப்பு! அண்ணி... ஏறி நின்னது என் பலக.

— இன்னொரு தடவ சொல்லு.

— தடிச்சது என் பலக. தப்பு என்னுது. ஏன் அழுவறீங்க? உங்களுக்கு முன்னமே தெரியுமா?

— போறப்ப ரெண்டையும் தடவிப் பாத்துட்டுத்தான் போனாரு.

— தெரிஞ்சுமா போனாரு? இத்தன வருசமா நீங்க ஒரு வார்த்த சொல்லலியே!

— 'அவன் வாயால வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. வந்த அன்னிக்கிக் கடுதாசி போடு, அடுத்த ரயில்ல வரேன்'னு அவரு தலையில என் கைய வெச்சு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. இந்தா, இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடு. உன் பலகச் சுருள மட்டும் குடு, அதத்தான் அவருக்கு அனுப்பணும்.