வானத்தாரின் மூச்சு

டப்பிங் படம் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு ஐயா. நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்கும் வெள்ளைக்காரன் வாயைத் திறந்து, பக்கத்து வீட்டு அண்ணன் குரலில் "எவனும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்தான்.

அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் என் அக்காவின் கணவர். ஹாலிவுட்டிலிருந்து வரும் பறக்கும் மனிதனுக்கும், இந்தியிலிருந்து வரும் இயந்திர மனிதனுக்கும் பத்தொன்பது வருடங்களாக அவர்தான் தமிழில் பேசினார். ஸ்டூடியோவில் அவருக்கு 'வானத்தார்' என்று பெயர். கடையில் கத்தரிக்காய் என்ன விலை என்று அவர் கேட்டால், குழந்தைகள் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் குரலைப் பதிவு செய்யும் சவுண்ட் இன்ஜினியர் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை நான் என்றைக்கும் மறந்ததில்லை.

எங்களுக்கு வரும் ஹாலிவுட் படம் படமாக வராது. திருட்டுக்குப் பயந்து திரை முழுவதையும் கறுப்பாக்கி, பேசுகிறவனின் முகத்தை மட்டும் ஒரு வட்டத்துக்குள் விட்டு அனுப்புவார்கள். கும்மிருட்டில் ஒரு வாய் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். வசனம் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூச்சு விடத்தான் ஆள் கிடையாது. அடி வாங்குவது, மலை ஏறுவது, சாவது எல்லாம் மூச்சு. அத்தான் அதை மட்டும் ஒப்புக்குச் செய்வார்.

பறக்கும் மனிதன் படத்தின் போன பாகத்தை அவரோடு தியேட்டரில் போய்ப் பார்த்தேன். பறக்கும் மனிதன் தன் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு விம்முகிற இடம். பின் வரிசையில் ஒருவன், "என்னப்பா, வயித்து வலியா" என்றான். தியேட்டரே சிரித்தது. திரும்பிப் பார்த்தால் அத்தானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வேலையைப் பாத்துச் சிரிக்கிறாங்க அத்தான்" என்றேன்.

"சிரிக்கட்டுமே மாப்ள. சந்தோஷமாத்தானே வீட்டுக்குப் போறான்."

எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவர்மேல் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு மனிதன் தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறான், அது அவனுக்கே தெரியவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வது? அதைத்தான் யோசித்தேன்.

அடுத்த பாகத்தில் பறக்கும் மனிதன் சாகிறான். காற்றே இல்லாத ஒரு கிரகத்தில், தலைக்கவசம் உடைந்து. நாற்பது விநாடி. வசனம் கிடையாது.

அத்தானுக்கு வீசிங் உண்டு. மழைக்காலத்தில் அதிகமாகும். அந்தக் காட்சியின் பதிவை நான் மூன்று முறை தள்ளிப் போட்டேன். முதல் தடவை மைக் சரியில்லை என்றேன், அடுத்து கேபிள் என்றேன், மூன்றாவது தடவை எனக்குக் காய்ச்சல் என்றேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அன்று காலை அக்கா போன் செய்தாள். "அவருக்கு நெஞ்சு ஒரே இழுப்பாக் கெடக்குடா. சீக்கிரம் அனுப்பிடு."

"ஒரே சீன்தான்க்கா" என்றேன். அதில் பொய் இல்லை.

ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேர்தான். குரல் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ஒரு மாதமாகக் கழன்று கிடந்தது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்ய வேண்டியது என் பொறுப்பு. நான் கூப்பிடவில்லை.

அவர் சட்டைப் பையில் இன்ஹேலர் இருந்தது. "அது ஆடுற சத்தம் மைக்ல விழுது அத்தான், குடுங்க" என்றேன்.

"கிலுகிலுப்பை மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். என் மேஜைமேல் வைத்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாக அது தெரியும்.

ஏசியை நிறுத்தினேன். அந்த அறைக்குள் தரைவிரிப்பும் சுவரில் ஒட்டிய துணியும் பழசு, தூசி. முதல் எட்டு டேக்கும் வழக்கம்போல வயிற்று வலிதான். "இன்னும் வேகமா மூச்சை இழுங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது டேக்கில் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்ஹேலரைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு கதவுக்குப் போனார், திரும்பி வந்தார், கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி, தட்டுவது எனக்குக் கேட்காது. ஆனால் மைக் நல்ல மைக். மூச்சு ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.

நான் பட்டனை அழுத்தி, அவர் காதில் சொன்னேன்: "அருமையா வருது அத்தான். அப்படியே விட்டுடாதீங்க."

அதுவரை எனக்கு விஷயம் புரியவில்லை என்று அவர் நினைத்திருப்பார். அதன்பிறகு தட்டவில்லை. என்னையே பார்த்தார். மைக்குக்கு நேராக வந்து நின்று "மாப்ள" என்றார். மூன்று முறை. மூன்றாவது தடவை பாதிதான் வந்தது.

மொத்தம் நாலு நிமிஷம் பத்து விநாடி. பதிவை நிறுத்தி, பெயர் போட்டுச் சேமித்தேன். பிறகு உள்ளே போய் இன்ஹேலரை அவர் கைக்குள் வைத்து மூடிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். டாக்டர் ஆஸ்துமா என்று எழுதினார். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "கடைசி நேரத்துல நீயாவது கூட இருந்தியே" என்றாள்.

நல்ல நாற்பது விநாடியை எடுத்துப் படத்தில் சேர்த்தேன். 'மாப்ள' வந்த இடங்களை வெட்டினேன். பறக்கும் மனிதன் யாரையும் மாப்ள என்று கூப்பிட மாட்டான்.

படம் வந்த அன்று பகல் காட்சிக்குப் போனேன். அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. முன் வரிசையில் ஒரு பெரியவர் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அதன்பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. எந்தப் படத்தை எடுத்தாலும், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஓர் அமைதி வருமே, அங்கே அவர் கூப்பிடுகிறார். ஹெட்போனைக் கழற்றினாலும் கேட்கிறது. சோறு பிசையும்போது கேட்கிறது. முதல் இரண்டும் முழுசாக, மூன்றாவது பாதியாக.

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. அப்பா குரலைக் கேட்பதற்காகவே அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அப்பா கடைசியா ஏதோ சொல்ல வர்றாரு. 'மா'னு ஒரு சத்தம் மட்டும் கேக்குது. யாரைக் கூப்பிட்டாரு?"

நான் வெட்டிய இடத்தில் ஓரெழுத்து தங்கிவிட்டது. இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

"அம்மாவைத்தான்மா" என்றேன்.

"அப்பா அம்மாவை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. எங்க வீட்டுல 'மா'ன்னு தொடங்கி அவர் கூப்பிடற ஆள் ஒருத்தர்தான் மாமா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். அவளுக்கு நல்ல காது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். தெரிந்தே, நாள் பார்த்துச் செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அந்த நாலு நிமிஷமும் என் டிஸ்க்கில் வெட்டாமல் அப்படியே இருக்கிறது. கோர்ட்டில் போட்டுக் காட்டுவதாக இருந்தால், கம்ப்யூட்டரோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் போடாதீர்கள். நல்ல ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடி மூச்சு கேட்காது, அத்தானின் உழைப்பு வீணாகிவிடும்.