தற்காப்புக்காக உடைச்ச பூட்டு

ஆக்கிரமிப்பாளராம்! என்னைப் பாத்து! அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக் குடுத்தே முடி கொட்டின ஆளு நான், பூட்டுக்காரரே. இந்த வீட்டுக்காரர், அதான் என் சகலை, என் பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன், இதே படிக்கட்டுல நின்னு கத்தறார், "நீங்க ஒரு ஆக்கிரமிப்பாளர்"னு. கட்டடம் பூரா கேட்டுச்சு. நீங்க வேலையைப் பாருங்க, பாருங்க. நான் இப்படி ஓரமா படியில உக்காந்துக்கறேன். டார்ச் புடிக்கட்டுமா? வேணாமா? சரி.

ஆமாங்க, நீங்க இப்ப மாத்தற அந்தப் பூட்டை உடைச்சது நான்தான். சுத்தியலால. அப்படிப் பாக்காதீங்க, திருடன் இல்ல. கீழ்வீடுதான். சட்டக் கல்லூரியில சர்வதேச சட்டம் நடத்தறேன். ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல எப்ப படையெடுக்கலாம், அதான் என் பாடம். பதில் ரொம்பச் சின்னது. எடுக்கக்கூடாது. விதிவிலக்கு ரெண்டே ரெண்டு. ஐ.நா. பாதுகாப்பு சபை அனுமதி குடுக்கணும். இல்லேன்னா உன்னை ஒருத்தன் ஆயுதத்தோட தாக்கியிருக்கணும், அப்ப தற்காப்புக்காகத் திருப்பி அடிக்கலாம். அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை இழுத்து இழுத்துதான் வருஷம் பூரா பொழப்பை ஓட்டறேன்.

இப்ப என் கதைக்கு வாங்க. என் படிப்பறை செவுரு ஒழுகுது. மேல யாரு இருக்கா? சகலை! அதுவும் எப்ப ஒழுகும் தெரியுமா? நான் எழுத உக்காந்தா மட்டும்! வெளிய போனா ஒழுகாது. தூங்கினா ஒழுகாது. கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, பேனாவைத் தொறந்தேன்னா... சொட்டு. புஸ்தக அலமாரி மேலயே சொட்டு! வேணும்னே பண்றாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். சொட்டுத் தண்ணியெல்லாம் ஆயுதத் தாக்குதலான்னு கேக்கறீங்க... கேக்கலையா? என் மாணவங்களும் கேக்க மாட்டாங்க. இருந்தாலும் சொல்றேன். சின்னச் சின்னத் தாக்குதலையெல்லாம் கூட்டி ஒரே பெரிய தாக்குதலா எடுத்துக்கலாம்னு சில நாடுங்க வாதாடும். அந்த வாதத்தை வகுப்புல நான் நார் நாரா கிழிப்பேன். அன்னைக்கு என்னமோ... ரொம்ப நியாயமா பட்டுச்சு.

சபைக்குப் போகாம இல்ல. போனேன்! குடியிருப்போர் சங்கம். செயலாளர் யாருங்கறீங்க? என் சகலை! அவர் மேல புகாரை அவர்கிட்டயே குடுத்தேன். "எங்க வீட்டுல எதுவும் ஒழுகல"ன்னு ஒரே வரியில தள்ளுபடி. வீட்டோ! பெரிய நாடுங்க ஒத்தைக் கையால சபை முடிவையே தடுக்குமே, அப்பட்டமா அதேதாங்க இது!

அப்பறம் அவங்க குடும்பத்தோட வெளியூர் போனாங்க. வீடு பூட்டிக் கெடக்கு. இங்கதான் ஒரு சந்து கெடச்சுது எனக்கு. ஒரு நாட்டு மண்ணுலேர்ந்து உன்மேல தாக்குதல் வருது. தடுக்க அந்த நாட்டுக்கு மனசில்ல, இல்ல முடியல. அப்ப நீயே உள்ள பூந்து தடுக்கலாம்னு ஒரு கொள்கை இருக்கு. படை வெச்சிருக்கறவங்களுக்கு ரொம்பப் புடிச்ச கொள்கை. அது தப்பு, மகா தப்புன்னு நான் புஸ்தகமே எழுதியிருக்கேன். தலைக்கு வெச்சுத் தூங்கற தடிமன். அதை எழுதின இதே கையால சுத்தியலைத் தூக்கினேன் பாருங்க... என்னத்தைச் சொல்ல.

கொடுமை என்னன்னா, இந்த வீட்டு மாத்துச் சாவி என் பொண்டாட்டி கைப்பையிலயே இருந்துச்சு. கேட்டா குடுத்திருப்பா. ஆனா "எதுக்கு"ன்னு கேப்பாளே! சமாதான வழியெல்லாம் பாத்து முடிச்சாச்சு, வேற கதியே இல்லைன்னு இருந்தாத்தான் பலத்தைத் தொடலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறது சமாதான வழியில வருமான்னு... வரும். நல்லாவே வரும்.

உள்ள வந்தேன். தண்ணிக் குழாயை அடைச்சேன். ஈரம் இருக்கற எடத்துல கரண்ட் ஆபத்தாச்சேன்னு மெயின் சுவிட்சையும் எறக்கிவிட்டேன். முன்னெச்சரிக்கையாம்! கீழ வந்து, ஜெயிச்ச தெம்புல ஏசியைப் போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்தேன். சொட்டு! நடு மண்டையில!

ஏசிக்காரர் வந்து பாத்தார். அந்தப் புஸ்தகத்துக்கு ஒரு பாராட்டுக் கேடயம் குடுத்திருந்தாங்க. அதை மாட்ட, ஆளு எதுக்குன்னு வீறாப்பா நானே ஆணி அடிச்சிருந்தேன். செவுத்துக்குள்ள ஏசித் தண்ணி வெளிய போற குழாய். அதுல நடுவுல ஆணி. ஏசி ஓடினா ஒழுகும், நிறுத்தினா நிக்கும். என்னைத் தாக்கினது நானே. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சேன்.

ஆனா... சிரிப்பு அதோட சரிங்க. அந்த மானக்கேட்டுல மேல வந்து சுவிட்சைப் போடணும்கறதே மறந்துட்டேன். உள்ள ஒரு மீன் தொட்டி. சகலையோட சின்னப் பொண்ணுது. காத்து விடற மோட்டார் நின்னு போச்சு. அவங்க திரும்பி வந்து பாத்தா, மீனெல்லாம் செத்து மெதக்குது. கொழந்தை அழுவுது. நான் என்ன சொல்லியிருக்கணும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது உத்தேசிக்காத பக்கச் சேதம்"னு, குண்டு போட்ட நாடு அறிக்கை விடற மாதிரி சொன்னேங்க. ஆறு வயசுப் புள்ளைகிட்ட! என் பொண்டாட்டி என்னை ஒரு பார்வை பாத்தா. துணியை எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்கு ஏறி வந்துட்டா. உள்ளதான் இருக்கா. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

நானும் சும்மா இல்ல. மேல அவளுக்கு எழுதி அனுப்பினேன், "நடந்ததற்கு வருந்துகிறேன், ஆயினும் இது பொறுப்பை ஏற்பதாகாது"ன்னு. நாடுங்க அப்படித்தான் எழுதும். நாலா கிழிச்சு என் கதவுக்கடியில தள்ளியிருந்தா. வீடே சத்தமில்லாம கெடக்குங்க. டீ போட்டா ரெண்டு டம்ளர் எடுத்து வெக்கறேன், அப்பறம்தான் ஞாபகம் வருது. அவ இல்லாம முடியல எனக்கு.

ஆச்சா? அதுக்குள்ளயா? நீங்க உள்ள போய்ப் பூட்டிப் பாக்கணுமா? பாருங்க, பாருங்க. நான் வெளியேர்ந்து தள்ளறேன்... ம். அசையல. தோளை வெச்சும் அசையல. நல்ல பூட்டுதாங்க. போதும், தொறங்க... பூட்டுக்காரரே? காசு வேற குடுக்கணுமே உங்களுக்கு... ஹலோ?

யாரது? பாப்பாவா? ... ஆமாடா, பெரியப்பாதான். ... இல்லடா. தெரியாம நடக்கல. நான்தான் பூட்டை உடைச்சேன். நான்தான் கரண்டை நிறுத்தினேன். உங்க வீட்டுமேல ஒரு தப்பும் இல்ல, எல்லாத் தப்பும் என்னோடது. மன்னிச்சுக்கடா கண்ணு.

... என்னது? பேரா? ஒவ்வொரு மீனுக்கும் பேரு இருந்துச்சா? ... தெரியாதுடா. நான் ஒருநாளும் கேட்டதில்ல.

சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு. பெரியப்பா நடுவுல பேசல.