பசையில்லாமல் ஒட்டிய இரும்பு

மத்திகிரியிலிருந்து ஓசூர் போகும் டவுன் பஸ். காலை ஷிஃப்ட் கூட்டம். எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். இளையவள் ஒரு வீடியோவை ஓடவிட்டு மூத்தவளிடம் போனை நீட்டினாள்.

"பசையே கெடயாதுக்கா. ரெண்டு இரும்பத் தேச்சா அப்பிடியே ஒட்டிக்குது பாருங்க."

"இதுல என்ன அதிசயம்? நம்ம குவாலிட்டி ரூம்ல அளவு பாக்கற ஸ்லிப் கேஜ் கட்டைதான இது."

"அதான்க்கா! நேத்து நீங்க சாப்புடப் போனப்ப ரெண்டு கட்டய எடுத்து ஒட்டிப் பாத்தேன். நெசமாவே ஒட்டிக்கிச்சு."

"அப்பறம் பிரிச்சியா?"

"இழுத்து இழுத்துப் பாத்தேன், வரல. ஒட்டுனபடி அதோட பெட்டியிலயும் நொழயல. துணியில சுத்தி டிராயர்ல வச்சிட்டேன்."

மூத்தவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து சாயந்தரம் ரெண்டு கட்ட காணோம்னு கம்பெனி கேட்டுல என் பையக் கொட்டித் தேடுனாங்க. சாப்பாட்டு டப்பாவக்கூட விடல."

இளையவள் போனை அணைத்தாள். "போனதும் நானே சார்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"சொல்லு. இனிமே இழுக்காத, பக்கவாட்டுல தள்ளு. தானா வந்துரும்."

பஸ் ஒரு நிறுத்தம் தாண்டியது.

"அந்த வீடியோவ எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

"லட்சக்கணக்குலக்கா."

"எட்டு வருசமா நான் தெனம் ஒட்டி, தெனம் பிரிக்கறேன். எம் பையத்தான் பாத்தாங்க."