மாப்பிள்ளையோட அக்காவுக்கு ஊர் காட்டறேன்

கண்ணைத் தொறங்கக்கா, பாலம் முடிஞ்சு போச்சு. சத்தியமா முடிஞ்சுது. இது தரைதான், கெட்டித் தரை. நம்பிக்கை இல்லன்னா கதவைத் தொறந்து காலால தட்டிப் பாருங்க... ஐயையோ, ஓடற வண்டியில இல்லக்கா! பேச்சுக்குச் சொன்னேன். மூடுங்க, மூடுங்க. யா அல்லாஹ், நேத்து உங்க மாமா, இன்னிக்கு நீங்க. பாலைவனத்து எல்வாத்காரங்க அத்தனை பேரையும் மணல்லதான் பிடிச்சு வெச்சாங்களா? எங்க கான்ஸ்டன்டைன் பாறைன்னா இப்படி நடுங்கறீங்களே.

இல்லக்கா, கேலி பண்ணல. சரி, கொஞ்சம் பண்றேன். கல்யாணத்துக்கு வந்தவங்களைக் கேலி பண்ணாம வேற யாரைப் பண்றது?

ஆ, கல்யாணத்துக்கு வரலையா நீங்க. ஆமா ஆமா, மறந்துட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே சொல்லிட்டீங்களே. கல்யாண வீட்டுப் பக்கம் என்னைக் கூட்டிட்டுப் போகாதே, என் தம்பியை வரச் சொல்லு, நாலு வார்த்தை கேட்டுட்டு சாயந்திர பஸ்ஸுல திரும்பிடறேன்னு. நான் மறுத்து ஒரு வார்த்தை பேசினேனா? இல்லல்ல? உங்க தம்பி ஆடு வாங்கப் போயிருக்கார். கணக்கு வாத்தியாரை ஆடு வாங்க அனுப்பினா எப்ப வருவார்? அங்க போய் வாலுக்கும் தலைக்கும் வகுத்துப் பெருக்கிக்கிட்டு இருப்பார். அவர் வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில உக்காந்து கொட்டாவி விடறதுக்கு ஊரையாவது பாருங்களேன்னேன். அதுல என்ன தப்பு? ஊரைப் பாத்தா கல்யாணத்துக்குச் சம்மதிச்சதா ஆயிருமா?

நானா? பொண்ணு வீட்டு ஆளுக்கா. வந்தவங்களுக்கு ஊர் சுத்திக் காட்டற வேலை என்னோடது. யாரும் தலையில கட்டல, நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன். வீட்டுல இருந்தா பொம்பளைங்க எல்லாம் அந்தக் கல்யாண வெல்வெட் கவுன்ல தங்க ஜரிகை அங்க சரியில்ல இங்க சரியில்லன்னு என் உயிரை எடுக்கறாங்க. ரோடுல இருந்தா நிம்மதி.

உங்க லஸ்ஹர் மாமா கதையைச் சொல்லட்டுமா? வேண்டாம்னாலும் சொல்லுவேன். சொல்லாட்டி எனக்கு வயிறு வெடிச்சிரும்.

நேத்துக் காலைல உங்க சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு இந்தப் பாலத்துக்குத்தான் வந்தேன். நடந்து போனாத்தான் அழகு, வண்டியை அந்தப் பக்கமே விட்டுரலாம்னேன். உங்க துர்க்கிய்யா பெரியம்மா எட்டிப் பாத்தாங்க. கீழே அவ்வளவு ஆழத்துல ஆறு நூல் மாதிரி ஓடுதா, மேல தொங்கு பாலம் காத்துல லேசா ஆடுதா, பெரியம்மா கலிமா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. உங்க மாமா என்ன பண்ணார் தெரியுமா? தலைப்பாகையை ஒரு உதறு உதறி, நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே லிபியா வரைக்கும் போயிட்டு வந்தவன் நான், எனக்கு இது ஒரு பாலமான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு முதல் ஆளாப் போனார்.

போனார். எப்படிப் போனார்? ஓரமா நடந்தா கீழே தெரியுதாம். நட்ட நடு ரோட்டுல நடக்கறார். மாமா, வண்டி வரும், ஓரமா வாங்கன்னு நான் கத்தறேன். வண்டி என்னைப் பாத்துத்தான் ஒதுங்கணும்னார். நடுப்பாலம் வந்துச்சு. ஒரு வேன் போச்சு. பாலம் அப்படியே தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க, எங்களுக்கெல்லாம் அது பழக்கம், எங்க ஊர்க் குழந்தைங்க அதுல தூங்கியே போயிரும். உங்க மாமா அப்படியே உக்காந்துட்டார். நடு ரோட்டுல. சம்மணம் போட்டு. ரெண்டு கையையும் தரையில ஊனிக்கிட்டு.

எந்திரிங்க மாமான்னா, மாட்டேங்கறார். ஏன் மாமான்னா, நான் எந்திரிச்சா பாலம் விழுந்துரும், நான்தான் இப்ப இதை அமுக்கிப் பிடிச்சிருக்கேங்கறார்!

சிரிக்காதீங்கக்கா, பாவம். நாங்களும் சிரிக்கல. சரி, சிரிச்சோம். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் வண்டி நின்னு போச்சு. ஒருத்தன் ஹார்ன் அடிச்சான். பின்னாடி இருந்தவன் எதுக்கு அடிக்கறான்னு தெரியாம அவனும் அடிச்சான். எங்க ஊர்ல பாலத்துல இத்தனை ஹார்ன் கேட்டா ஒரே அர்த்தம்தான், கல்யாண ஊர்வலம். அவ்வளவுதான்! எங்கிருந்தோ ஒரு காருக்குள்ள ஒரு பொம்பளை குலவை போட்டா. நம்ம பெரியம்மா சும்மா இருப்பாங்களா? கலிமாவை நிறுத்திட்டு இவங்க ஒரு குலவை. அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் நாலு. ஒருத்தன் வண்டிப் பாட்டைச் சத்தமா வெச்சு இறங்கி ஆடறான். பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு எல்லாரும் எட்டி எட்டிப் பாக்கறாங்க. நடுவுல பாத்தா வெள்ளை ஜுப்பாவுல உங்க மாமா உக்காந்திருக்கார். இவர்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சு மேல பூவை எறிஞ்சாங்கக்கா!

எப்படி எந்திரிக்க வெச்சேனா? முன்னாடி போய் குந்தி உக்காந்து, ரெண்டு கையையும் பிடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. மாமா, கண்ணை மூடுங்க, இது பாலம் இல்ல, மணல்னேன். மணல்னா சுடுமேங்கறார். சாயந்திர மணல் மாமா, வெயில் இறங்கிருச்சு, வீட்டுக்குப் போறோம்னேன். எந்திரிச்சார். நான் அவர் முகத்தைப் பாத்துப் பின்பக்கமா நடக்கறேன், அவர் கண்ணை மூடிட்டு என் கையைப் பிடிச்சுட்டு வர்றார், குழந்தைக்கு நடை பழக்கற மாதிரி. இப்ப எங்க வந்திருக்கோம்னு கேக்கறார். நான் பாலைவனத்தைக் கண்டேனா? ஒரு பேரீச்சந்தோப்பு தெரியுது மாமான்னு விட்டேன். யாரோட தோப்புன்னார். உங்களோடதுதான்னேன். அப்ப வேலி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு கேட்டார் பாருங்க, மாட்டிக்கிட்டேன்! இடது பக்கம்னேன். அடிப் பாவி, அது பக்கத்து வீட்டுக்காரன் தோப்பு, அவன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, வேற வழியா கூட்டிட்டுப் போன்னார். திட்டிக்கிட்டே கரை ஏறிட்டார்.

கண்ணைத் தொறந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? பாலம் உறுதியா இருக்கு, உக்காந்து பாத்துட்டேன், இனிமே எல்லாரும் தைரியமா வரலாம்னார்.

அப்பாடா. சிரிச்சீங்க. கண்ணாடியில பாத்துட்டேன், வாயைப் பொத்தாதீங்க.

இந்தாங்க, எடுத்துக்கங்க. ஜவ்ஸிய்யா. தேனும் அக்ரூட்டும் போட்டது, வாயில வெச்சா தானாக் கரையும். கடிக்காதீங்க, பல்லோட ஒட்டிக்கும். உங்க மாமா பாலத்துலேந்து நேரா மிட்டாய்க் கடைக்குப் போய், பயத்துல இனிப்புச் சத்து குறைஞ்சிருச்சுன்னு அரைப் பெட்டியைக் காலி பண்ணிட்டார். அது பயமான்னு கேட்டேன். பாலத்தோட பயம், என்னோடது இல்லன்னார். அவர்கிட்ட யாரு பேசி ஜெயிக்கறது?

அப்புறம் மலை மேல ஏரிக்குப் போனோம். பைன் மரம் சூழ்ந்திருக்கும், நல்ல குளிர்ச்சி. துர்க்கிய்யா பெரியம்மா கரையில நின்னு அசையவே இல்ல. இது யாரோடதுன்னு மெதுவாக் கேட்டாங்க. யாரோடதும் இல்ல பெரியம்மான்னேன். இவ்வளவு தண்ணியைக் காவல் இல்லாமலா விட்டிருக்கீங்கன்னாங்க. சுத்துமுத்தும் பாத்தாங்க, செருப்பைக் கழட்டினாங்க, காலை விட்டாங்க. ஒரு மீன் வந்து விரலைக் கடிச்சிருச்சு போல. அந்த வயசுல அப்படி ஒரு துள்ளு! அப்புறம் என்ன, எல்லாப் பொம்பளைங்களும் பாவாடையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணியை வாரி அடிச்சு... வண்டி சீட்டு இன்னும் காயல. நீங்க உக்காந்திருக்கீங்களே, கீழே ஈரமா இல்ல? இருக்குதா? ஐயோ மன்னிச்சுக்கங்க, துண்டு போட மறந்துட்டேன்.

இந்த போன் வேற. வீட்டுலேந்துதான். அடிக்கட்டும் விடுங்க. ஜரிகைப் பஞ்சாயத்து.

இங்க நிறுத்திக்கலாம். இறங்க வேண்டாம், உள்ள உக்காந்தே ஊர் முழுக்கத் தெரியும். அதோ டிராம் போகுது. அதோ அந்த மஞ்சள் கட்டடம் இருக்குல்ல, உங்க தம்பி பாடம் நடத்தற பள்ளிக்கூடம். அதுக்குக் கீழே பச்சைச் சிலுவை மாட்டின மருந்துக் கடை. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

தெரியாதா? உங்களுக்கு யாருமே சொல்லலையா? காதைப் பொத்திக்கிட்டீங்களா... சரி, இப்ப கையில மிட்டாய் இருக்கு, பொத்த முடியாது. கேளுங்க.

உங்க தம்பி திஜானி சார் மருந்துக் கடைக்கு வருவார், இருமல் மிட்டாய் ஒரு பெட்டி கேப்பார். மறுநாள் வருவார், இன்னொரு பெட்டி. கடையில வேலை பாத்தவ, அவதான் இப்ப பொண்ணு, பாவம் இவ்வளவு நாளா இருமல் போகலையேன்னு கவலைப்பட்டா. அப்புறம்தான் யோசிச்சா, இந்த மனுஷன் ஒரு தடவை கூட இருமி நாம பாக்கலையேன்னு. ஒருநாள் கேட்டுட்டா, சார், மருந்து தர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இருமிக் காட்டுங்கன்னு. சார் முயற்சி பண்ணார். வரவே இல்ல. காது வரைக்கும் சிவந்து போய், இருமறதுக்குப் பதிலா ஏப்பம் விட்டுட்டார்!

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கடை முதலாளி உள்ளேந்து ஓடி வந்துட்டாரு. அப்ப வாங்கின மிட்டாயை எல்லாம் என்ன சார் பண்ணீங்கன்னா, வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டாராம். பள்ளிக்கூடம் முழுக்க ஒருத்தனுக்கும் தொண்டை கட்டல அந்த வருஷம்.

ஆமாக்கா. அம்பதைத் தாண்டினவங்கதான் ரெண்டு பேரும். இந்த வயசுல என்ன கல்யாணம்னுதான அவளும் கேட்டா. வருஷக்கணக்கா அப்பாவைப் பாத்துக்கிட்டு, அவர் போன பிறகு அண்ணன் வீட்டு மாடியில ஒத்தையா இருந்தவ. தலைக்கு மருதாணி போட்டாத்தான் நரை மறையும்னு அவளே சொன்னா. உங்க தம்பி என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு மறைக்க முடியே இல்ல, நீங்க யோசிச்சு சொல்லுங்கன்னார்.

...

தெரியும்க்கா. ஹனியா பேரு எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். ஊருக்குத்தான் உங்க தம்பி பொண்டாட்டி. அதுக்கு முன்னாடியே உங்களோட ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. நீங்கதான் பாத்துப் பாத்துத் தம்பிக்குக் கட்டி வெச்சீங்க. அவங்களைக் கடைசியாக் குளிப்பாட்டி அனுப்பினதும் நீங்கதான். அவங்க இடத்துல இன்னொருத்தி வந்து உக்காந்தா, அவங்க ரெண்டாந்தடவை போற மாதிரி இருக்கும்னு தம்பிகிட்ட போன்ல அழுதீங்க. அதுக்கப்புறம் போனையே எடுக்கல.

அவங்க படம் எங்க இருக்குன்னு பாக்கத்தானே வந்தீங்க? மனசுல அதுதானே இருக்கு?

ஹால்லதான்க்கா இருக்கு. ஜன்னலுக்கு எதிர்ல. பொண்ணோட அண்ணன் குடும்பம் வீடு பாக்கப் போனப்ப, உங்க தம்பி சங்கடப்பட்டுக்கிட்டு அதைக் கழட்டப் போனார். பொண்ணு விடல. அந்த ஆணியில கை வெச்சீங்கன்னா நான் இப்படியே படி இறங்கிடுவேன்னா. கல்யாணமாகி வந்தப்ப உங்களுக்கு ஒரு சட்டை மடிக்கத் தெரியுமா, ஒரு முட்டை அவிக்கத் தெரியுமா, கோபம் வந்தா அடக்கத் தெரியுமா, எல்லாம் அவங்க சொல்லிக் கொடுத்தது, நான் கட்டிக்கறது அவங்க வளத்த மனுஷனை, அவங்களைக் கழட்டிட்டா மிச்சம் என்ன இருக்குன்னா. அப்புறம் தலைத்துணி முனையால அந்தக் கண்ணாடியைத் துடைச்சுட்டு, சலாம் சொல்லிட்டு வந்தா.

அழுங்கக்கா. அழுங்க. இந்தாங்க, காகிதம். இது மிட்டாய் சுத்தினது இல்ல, நல்ல காகிதம்தான்.

என்னது? அங்க நடந்ததெல்லாம் உனக்கு எப்படி இவ்வளவு பக்கத்துலேந்து தெரியும்னா?

அதுவா. அந்தக் கண்ணாடியைத் துடைச்சது நான்தான்க்கா. நான்தான் பொண்ணு. வஸீலா.

பொய் ஒண்ணும் சொல்லலையே! பொண்ணு வீட்டு ஆளுன்னேன், பொண்ணு பொண்ணு வீட்டு ஆளு இல்லாம யாரு? தம்பி போட்டோ அனுப்பினப்ப ஒரு தடவை பாத்திருந்தீங்கன்னா பஸ் ஸ்டாண்டுலயே என்னைப் பிடிச்சிருக்கலாம். நீங்க கிளம்பிட்டீங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுல ஒருத்தரும் கூப்பிட வர மாட்டேன்னுட்டாங்க, அவ்வளவு பயம் உங்க மேல. லஸ்ஹர் மாமா கூட, பாலத்துல வேணா இன்னொரு தடவை உக்காரறேன், மப்ரூக்கா முன்னாடி, அதான் உங்க முன்னாடி, நிக்க மாட்டேன்னுட்டார். நான்தான் சாவியை எடுத்துட்டு ஓடி வந்தேன்.

சாயந்திரம் மருதாணிக்கா. மாப்பிள்ளையோட அம்மா இருந்தா அவங்க வெக்கணும். அவங்க இல்ல, அப்ப நீங்கதான். பெரியம்மா தான் வெக்கறேன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். நீங்க பஸ் ஏறிப் போனாலும் உங்க மேல வருத்தம் இல்ல, ஆனா கையை வெறுமனேதான் வெச்சுக்குவேன்.

எந்தக் கையா? இதான். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்துப் பெட்டி பிரிச்சுப் பிரிச்சு விரல் நுனியெல்லாம் சொரசொரன்னு...

ஹனியா கையை விடச் சின்னதா?

அப்படியா. நிஜமாவா. அப்ப மருதாணி கொஞ்சமாத்தான் ஆகும்... நிறைய வெப்பீங்களா? முழங்கை வரைக்குமா? இந்த வயசுலயா? சரிக்கா. சரி, சரி. நீங்க சொன்னா சரி.

போலாம்க்கா. கையை விடுங்க, கியர் போடணும்.