ஏழாம் குழாயின் அம்புக்குறி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வு மைய இயக்குநர் அவர்களே, துணைவரை இழந்து முன்வரிசையில் வாடியிருக்கும் அண்ணி அவர்களே, வகுப்பை விட்டு ஓடிவந்த மாணவச் செல்வங்களே, சக ஆசிரியர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

ஏரிகளின் அடிச்சேற்றைத் தோண்டியே ‘சேற்றுப் பேராசிரியர்’ என்று பெயரெடுத்த பெருமகனாரைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். முப்பத்தோராண்டு அவருடைய பக்கத்து அறைக்காரன் நான். அவரைப் பார்த்து நான் பொறாமைப்படாத நாள் உண்டா? இல்லை! இன்றைக்கும் இந்தக் கூட்டத்தைப் பார்த்து வயிறு எரிகிறது. எனக்கு இதில் பாதிப்பேராவது வருவார்களா?

என் வேலை என்ன? பழைய சமய நூல்களில் வரும் வெள்ளக் கதைகளைச் சேகரிப்பது. உலகம் மூழ்கியது, ஒரு படகு மிதந்தது, ஒரு குடும்பம் பிழைத்தது. இப்படி இருநூற்றுப் பதினான்கு கதைகள்! இவற்றுக்குள் வரலாறு இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

அவர் ஒருவர் கேட்டார். ஒருநாள் என் அறைக்கதவில் சாய்ந்துகொண்டு, “கதைக்காரரே, என்கூட படகுல வாங்க. உங்க வெள்ளத்த உங்க கையிலயே குடுக்கறேன்” என்றார். போனேன். இரண்டு ஏரிகள், அடிச்சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்கும் பத்துக் குழாய்கள். சேற்றில் செருகிய குழாயை வெளியே எடுத்ததும் மேல்முனை எது என்று அம்புக்குறி போட வேண்டும். போட்டவர் பக்கத்திலேயே கையெழுத்திட வேண்டும். அது அவர் வகுத்த விதி. ஐந்து குழாய்களுக்கு அவர் போட்டார், ஐந்துக்கு நான் போட்டேன். கரையில் நின்ற பத்திரிகைக்காரர் அவரை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஏரிகளிலும் ஒரே ஆழத்தில் வெள்ள வண்டல்! ஒரே காலம், ஒரே பெருவெள்ளம், கதை உண்மை என்று அவர் அறிவித்தார். ஊரே கைதட்டியது. விருது கொடுத்தார்கள். நன்றியுரையில் என் பெயரும் வந்தது, படகோட்டிக்கு அடுத்தபடியாக!

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏழாம் குழாயின் வண்டலில் கிடைத்த ஒரு விதையை வயது பார்க்க அனுப்பினார். கணக்கு உதைத்தது. இதே அரங்கில், இதே இடத்தில் நின்று சொன்னார்: “தப்பு என்னுது. ஏழாம் குழாயத் தலைகீழா படிச்சிட்டேன். அது ஒரே வெள்ளம் இல்ல. ரெண்டு ஏரி வெள்ளத்துக்கும் நடுவுல அறுநூறு வருஷம்.”

“அப்ப கதையெல்லாம் பொய்யா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“பொய்யின்னு யாரும்மா சொன்னா? உலகம் முழுக்க மூழ்கினதுக்கு என்கிட்ட சாட்சி இல்ல. ஆனா அவங்கவங்க ஊர் மூழ்கினா, அவங்கவங்களுக்கு உலகமே மூழ்கினதுதான்.”

மறுபடியும் கைதட்டல்! கண்டுபிடித்ததற்கும் கைதட்டல், கைவிட்டதற்கும் கைதட்டல்! இந்த மனிதருக்குத் தவறுகூட எவ்வளவு அழகாக வாய்க்கிறது என்று பொருமினேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆம் நண்பர்களே, அவருடைய தவறைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்!

சென்ற வாரம் அவர் அறையை ஒழுங்குபடுத்த அண்ணி என்னைக் கூப்பிட்டார். அலமாரிக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றிய ஏழாம் குழாய். தலைகீழாக ஓர் அம்புக்குறி. பக்கத்தில் கையெழுத்து.

என் கையெழுத்து!

அண்ணி தலைகுனிந்து சொன்னார்: “யார்கிட்டயும் காட்டாதேன்னு சொல்லியிருந்தாரு. ‘அந்த மனுஷன் ஏற்கெனவே என்னப் பாத்து வெந்துக்கிட்டிருக்காரு, இதுவும் வேணாம்’னாரு.”

தெரிந்திருக்கிறது. என் தவறும் தெரிந்திருக்கிறது, என் பொறாமையும் தெரிந்திருக்கிறது. அந்தத் தவறை ஏற்ற நாளிலிருந்து பதினேழு ஆண்டுகள், தினமும் காலையில் என் அறையை எட்டிப் பார்த்து, “கதைக்காரரே, டீ குடிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்!

பெரியோர்களே, இதோ அந்தக் குழாய், அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். என் கதைகள் பிறந்த ஊர்களின் ஏரிகளில், அந்தந்த ஊரின் வெள்ளத்தைத் தேடும் அவர் பணியை என் மூச்சுள்ளவரை தொடர்வேன். அம்புக்குறிகளை மாணவர்கள் சரிபார்க்கட்டும். அந்த ஆய்வின் முதல் வரியை எழுதிவிட்டேன்: ‘ஏழாம் குழாயைத் தலைகீழாகக் குறித்தவன் நான்.’

இந்த ஒன்றிலாவது உங்களை முந்த நினைத்தேன், பேராசிரியரே. என் தவறைக்கூட எனக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.