பிரிண்டருக்காகக் காத்திருந்த மணி

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? முதுகு, முட்டி எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? எனக்கு இப்ப பரவால்ல. தூங்க முடியுது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல ஒரு புரோகிராம் எழுந்திரிக்கும். அதுதான் மத்ததையெல்லாம் எழுப்பிவிடும். யாருக்கு அப்புறம் யாருன்னு ஃபைல்ல எழுதி வெச்சிருக்கணும். தலை நரைக்கிற வரைக்கும் ஆபீஸ்ல நான் பாத்த வேலை அந்த வரிசையை எழுதறதுதான். வாக்கப்பட்டு வந்த வீட்லயும் அதே வேலைதான், யாருக்கு முதல்ல சாப்பாடுன்னு.

நான் ரிட்டயர் ஆன கையோட வீட்டுக்காரர் படுத்துட்டார். மூக்குல ஆக்சிஜன் டியூப். கட்டிலுக்கு அடியில ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர் வெச்சேன். டியூப் கழண்டா சமையல்கட்டுல மணி அடிக்கும். நானே எழுதினது. ஒரு தடவைகூட ஏமாத்தல.

அதான் வினை. அவருக்கு டியூபைப் பிடுங்கத் தெரியும், திரும்ப மாட்டக் கை வராது. காபியை வாய்ல வெப்பேன், மணி அடிக்கும். ஓடுவேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வர்றியான்னு பாத்தேன்."

"விளையாட்டா இது?"

"கம்ப்யூட்டருக்குன்னா குதிச்சு ஓடுவ. கட்டின புருஷன் மணி அடிச்சாதான் வருவியா?"

சிரிப்பார். நானும் சிரிச்சுக்கிட்டே மாட்டிவிடுவேன். குளிக்கப் போனா மணி. கண் அசந்தா மணி. கோவமெல்லாம் இல்லங்க. அலுப்பு.

ஒருநாள் காலையில அந்த ஃபைலைத் திறந்து, பிரிண்டர் எழுந்தப்புறம் மணி எழுந்தா போதும்னு ஒரு வரி சேத்தேன். பிரிண்டர் கெட்டுப்போய், பழைய சாமான்காரன்கிட்ட போட்டு எவ்வளவோ நாளாச்சு. ரொம்ப நேரம் ஆனா காத்திருக்காம கிளம்பிடுன்னு இன்னொரு வரி இருந்துது. அதையும் எடுத்துட்டேன். அரைகுறையா வேலை செய்ய எனக்கு வராது. அப்புறம் கட்டிலுக்கு அடியில பெருக்கணுமேன்னு கம்ப்யூட்டர் பிளக்கை எடுத்து, பெருக்கி, திரும்ப மாட்டினேன். அது முதல்லேருந்து ஒவ்வொண்ணா எழுப்ப ஆரம்பிச்சுது.

காபி போட்டு உக்காந்தேன். உள்ள, கட்டில் கம்பியில டம்ளரால தட்ற சத்தம் கேட்டுது. மணி அடிக்கட்டும், போலாம்னு இருந்தேன். தட்றது மெதுவாச்சு. நின்னுது. எத்தனையோ வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் கடைசி வாய் வரைக்கும் சூடா குடிச்சேன்.

அப்பா காரியத்துக்கு ஊர்லேருந்து வந்த பொண்ணு கேட்டா. "மணி ஏம்மா அடிக்கல?"

"பிரிண்டருக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்கு, கண்ணு."

"ஐயோ, இந்த வயசுல எல்லாத்தையும் உன் தலையில கட்டினது எங்க தப்பும்மா"ன்னு கட்டிப்பிடிச்சு அழுதா. நான் அவ முதுகைத் தட்டிக்குடுத்தேன்.

உங்க வீட்லயும் படுக்கையில யாராவது இருப்பாங்க. எப்படிச் சமாளிக்கிறீங்க, என்ன மணி வெச்சிருக்கீங்க, எழுதுங்க. ஒண்ணு விடாம படிக்கிறேன். என்னைத் தப்பா மட்டும் நினைச்சுக்காதீங்க. அன்னிக்கு மணி அடிச்சிருந்தா நான் ஓடித்தான் போயிருப்பேன்.